தாஷ்கண்டுக்குப் போன இருவர்

என் தம்பி ருஷ்யப் பட்டாளத்தில் துப்பாக்கி பிடித்தவன். இதைச் சொன்னால் எங்கள் பிள்ளைகளே நம்புவதில்லை. ரங்கூன் அரிசி ஆலையில் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு தமிழ் முஸ்லிம் பையனுக்கும் ருஷ்யாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். அவன் திரும்பி வரும்வரை எனக்கும் தெரியாதுதான்.

எங்களுக்கு உம்மாவும் வாப்பாவும் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். நான் கல்யாணமாகி ரங்கூனுக்கு வந்தபோது தம்பியையும் கூடவே அழைத்து வந்தேன். என் வீட்டுக்காரருக்கு மொகல் தெருவில் பூட்டு, கீல், ஆணி விற்கிற கடை. கடைக்கு மேலேயே வீடு. தம்பியைக் கடையில் வைத்துக்கொள்ள அவர் ஆசைப்பட்டார். அவனுக்கோ இயந்திரம் என்றால் உயிர். ஆற்றங்கரை ஆலையொன்றில் எண்ணெய் துடைக்கிற வேலையில் சேர்ந்து, சில வருஷங்களில் எஞ்சினையே அவன் பொறுப்பில் விடும் அளவுக்கு வந்துவிட்டான்.

அந்த ஆலையில் அவனுக்கு ஒரு கூட்டாளி. நாகப்பட்டினம் பக்கத்துக்காரர், தம்பியைவிட மூத்தவர். கொதிகலனுக்கு உமி தள்ளுகிற வேலை அவருக்கு. ரங்கூன் ஆலைகளில் நெல்லின் உமிதான் எரிபொருள். நாள் முழுக்க அடுப்பு வாயில் நின்று தள்ளவேண்டும். தணல் கொஞ்சம் இறங்கினாலும் மேஸ்திரி நனைந்த சாக்குக் கயிற்றால் முதுகில் போடுவான். அவர் அதை யாரிடமும் சொல்ல மாட்டார். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிற நாளில் சட்டை மட்டும் கழற்ற மாட்டார். எவ்வளவு புழுக்கமானாலும் சரி.

அவர் மாவ்பி ஊர்ப் பர்மியப் பெண் ஒருத்தியைக் கலிமா சொல்லிக்கொடுத்து இஸ்லாத்தில் சேர்த்து நிக்காஹ் செய்திருந்தார். ரங்கூனின் ஓரத்தில் தாமுவேயில் ஒரு மரவீட்டில் குடியிருந்தார்கள். அவள் வாசலில் எண்ணெய்ச் சட்டி வைத்துச் சுரைக்காய் பொரித்து விற்பாள். என்னை ‘அமா’ என்பாள். பர்மிய மொழியில் அக்காள் என்று அர்த்தம், எங்கள் பேச்சில் ராத்தா. புருஷனிடம் கற்ற தமிழை எல்லோரிடமும் தயக்கமில்லாமல் பேசுவாள்.

1920ஆம் ஆண்டு வெயில் காலத்தில் பள்ளிவாசல்களில் பேச்சு வேறு மாதிரி ஆகியிருந்தது. துருக்கியில் கலீபாவின் ராஜ்யத்தை வெள்ளைக்காரர்கள் கூறுபோடுகிறார்கள், அப்படிப்பட்டவர்களின் ஆட்சியில் ஒரு முஸ்லிம் இருக்கக்கூடாது, முஸ்லிம் தேசத்துக்குக் குடிபெயர்ந்து போகவேண்டும் என்று வெளியூரிலிருந்து வந்தவர்கள் பேசினார்கள். காபூல் அமீர் வருகிறவர்களுக்கெல்லாம் நிலம் தருவார் என்றும் சொன்னார்கள். என் வீட்டுக்காரர், “நிலம் தர்றவரு ரங்கூன்காரனுக்கா தருவாரு?” என்று சிரித்தார். தம்பியும் கூட்டாளியும் சிரிக்கவில்லை.

அவர்கள் கல்கத்தா கப்பலில் ஏறியபோது நானும் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். கூட்டாளியின் மனைவி, ஒரு வயதுகூட நிறையாத மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அடுத்த வருஷம் ஆள் அனுப்பிக் கூட்டிக்கொள்கிறேன் என்று அவர் அவளிடம் சொன்னார். அவள் அழவில்லை. காபூலில் சுரைக்காய் விளையுமா என்றுதான் கேட்டாள்.

அதோடு செய்தி நின்றுவிட்டது. பெஷாவரிலிருந்து வந்த ஒரு குதிரை வியாபாரி, அப்படிப் போனவர்களில் பாதிப்பேர் பசியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்துவிட்டார்கள், மீதிப்பேர் கந்தலோடு திரும்பிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். திரும்பியவர்களில் எங்கள் ஆட்கள் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் அவள் மகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவாள். ஏதாவது தெரிந்ததா என்று கேட்கமாட்டாள். என் முகத்தைப் பார்ப்பாள், பிறகு வேறு ஏதாவது பேசுவாள்.

மூன்றாம் வருஷம், மழை பிடித்த புதிதில் ஒரு பிற்பகல் தம்பி மாடிப்படி ஏறி வந்தான். கப்பற்காரர்கள் போடுகிற நீலச் சட்டை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நான் அவனைப் பார்த்த பிறகும் அவனுக்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொருவர் ஏறி வருவார் என்று. யாரும் வரவில்லை. “கஞ்சி இருக்கா ராத்தா?” என்றான்.

அவன் தானாக எதையும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் பெரிய மனசு பண்ணி ஒன்றும் கேட்காமல் விட்டார். கடைக்குப் பின்கட்டில் துருப்பிடித்த பூட்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. அவற்றைப் பிரித்து எண்ணெய் போட உட்கார்ந்தான். நான் வெங்காயம் உரித்தபடி பக்கத்தில் உட்கார்வேன். கைக்கு வேலை இருந்தபோதுதான் அவனுக்கு வாய் திறந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, முன்னும் பின்னுமாகச் சொன்னதை நான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

காபூலில் நிலமும் இல்லை, வேலையும் இல்லை. சும்மா சோற்றுக்குக் காத்திருக்க வெட்கப்பட்ட இளைஞர்கள் ஒரு கூட்டமாக வடக்கே கிளம்பினார்கள். துருக்கிக்கே போய்க் கலீபாவுக்காகச் சண்டை போடுவது அவர்கள் எண்ணம். மலை தாண்டி ஒரு பெரிய ஆற்றைக் கடந்ததும் துர்க்மான் குதிரைக்காரர்கள் பிடித்துக் கட்டிப்போட்டார்கள். ருஷ்யரின் ஒற்றர்கள் என்று நினைத்துக் கொல்லவே இருந்தார்களாம். அந்த நேரத்தில் ஆற்றில் வந்த ருஷ்யரின் பீரங்கிப் படகு சுட ஆரம்பித்தது. குதிரைக்காரர்கள் ஓடிவிட்டார்கள். இப்படித்தான் ருஷ்யரின் கையில் போய்ச் சேர்ந்தார்கள்.

ருஷ்யர் அவர்களை ரயிலில் தாஷ்கண்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே முன்பே வந்திருந்த இந்தியர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் பேசினார்கள்: துருக்கியை விடுங்கள், உங்கள் தேசத்துக்காகச் சண்டை கற்றுக்கொள்ளுங்கள், கற்றுத்தர ருஷ்யர் தயார், ஒரு நாள் படையாக இந்தியாவுக்குள் இறங்குவோம். வேண்டாம் என்றவர்களை அவர்கள் கட்டாயப்படுத்தவில்லை. பலர் துருக்கிக்கே போகிறோம் என்று பிரிந்தார்கள். தம்பியும் கூட்டாளியும் பெயர் கொடுத்தார்கள்.

இந்தியர்களுக்கென்றே பட்டாளப் பள்ளி ஒன்று வைத்தார்கள். கணுக்கால்வரை கனத்த கோட்டு, சிவப்பு நட்சத்திரம் தைத்த கூம்புத் துணித்தொப்பி. பாதிப் பேருக்குத்தான் பூட்ஸ். ரொட்டி கறுப்பாக, உமி கலந்து இருக்குமாம். உமி எரித்த மனிதன் உமியே தின்கிறேன் என்று கூட்டாளி சிரிப்பாராம். ஊருக்கே பஞ்சம், பட்டாளத்தாருக்காவது அது கிடைத்தது. பயிற்சி கொடுத்தவர் பழைய ராஜா காலத்துச் சிப்பாய், இடது கையில் இரண்டு விரல் இல்லாதவர். பாஷை தெரியாததால் எல்லாவற்றையும் செய்தே காட்டுவார். குதிரையேற்றம், பள்ளம் வெட்டிப் பதுங்குவது, கண்ணைக் கட்டிக்கொண்டு துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டுவது. பிறகு சக்கரம் வைத்த இயந்திரத் துப்பாக்கி. அதன் குழாய் சூடேறாமலிருக்கச் சுற்றிலும் தண்ணீர் ஊற்றவேண்டும். உறைபனியில் அந்தத் தண்ணீர் கட்டியாகிவிடும். எஞ்சின் தெரிந்த தம்பிக்கு அது நன்றாகப் பிடிபட்டது. ஆகாய விமானம்கூட ஒன்று இருந்ததாம். எண்ணெய் இல்லாததால் அவன் அது பறந்து பார்த்ததேயில்லை. ஆனால் அதன் எஞ்சினைத் துடைக்க விட்டார்கள் என்பதை இந்த வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து சொல்லும்போதும் அவனுக்கு முகம் மலர்ந்தது.

அந்தப் பள்ளி நீடிக்கவில்லை. இங்கிலீஷ்காரரும் ருஷ்யரும் வியாபார உடன்படிக்கை போட்டுக்கொண்டார்கள். இந்தியர்களுக்கு ஆயுதப் பயிற்சி தருவது நிற்கவேண்டும் என்பது இங்கிலீஷ்காரரின் கோரிக்கை. பள்ளியை மூடிவிட்டார்கள். கெட்டிக்காரர்களை மாஸ்கோவுக்குப் பெரிய பள்ளிக்கு அனுப்பப்போவதாகப் பேச்சு. அதுவரை சிலரை இரும்புத் தகடு போர்த்திய ரயிலில் ஏற்றிப் பாலைவனப் பாதையைக் காவல் காக்க அனுப்பினார்கள். தம்பி துப்பாக்கியில், தோட்டாப் பட்டையை எடுத்துக் கொடுக்கிற இடத்தில் கூட்டாளி.

இதற்கு மேல் சொல்ல அவனுக்குப் பல நாட்களாயின. ஒரு காலை, ருஷ்யரை எதிர்க்கிற உள்ளூர்க் குதிரைக்காரர்கள் தண்டவாளத்தைப் பெயர்க்க வந்திருந்தார்கள். உத்தரவு வந்தது, சுட்டான். அவர்கள் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்லிக்கொண்டே வந்தார்கள் என்றான். பிறகு இறங்கிப் பார்க்கச் சொன்னார்கள். விழுந்து கிடந்த ஒரு கிழவரின் முழங்கை ஈரமாக இருந்தது. தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்த ஈரம் இன்னும் காயவில்லை.

“கலீபாவுக்காகப் போனேன் ராத்தா,” என்றான். கையிலிருந்த பூட்டைக் கீழே வைத்துவிட்டான்.

படையை விட்டுப் போய்விடுவது என்று அந்தக் கிழவரைப் பார்த்த அன்றே அவன் முடிவு செய்துவிட்டான். கூட்டாளி வர மறுத்தார். செத்தவர்களுக்காக அவரும் வருந்தினார். ஆனால் அவர்கள் பழைய ஜமீன்தார்களின் ஆட்கள் என்று ருஷ்யர் சொன்னதை அவர் நம்பினார். மாஸ்கோவுக்குத் தேர்ந்தெடுத்தவர்களில் அவர் பெயர் இருந்தது. தோல் பூட்ஸும் இடுப்புவாரும் கொடுத்துவிட்டார்கள். ஸ்டேஷனில் பிரியும்போது தம்பியிடம் இப்படிச் சொன்னாராம்: “அங்க என்னை மேஸ்திரி கயித்தால அடிச்சான். இங்க ஆபீசர் கை குடுத்து, தோழரேன்னு கூப்பிடுறான். நான் எதுக்கு வரணும்?” மனைவி, மகள் என்று தம்பி தொடங்கியதும் அழுதார். அழுதுகொண்டே மூன்று தலாக்கையும் அவனிடம் சொல்லி, அவளிடம் சொல்லிவிடு, அவள் வேறு வாழ்க்கை தேடிக்கொள்ளட்டும் என்றார். தம்பி அதைச் சுமக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு ரயிலேறினான். சுமக்கமாட்டேன் என்றாலும் காதில் விழுந்ததை எங்கே இறக்கி வைப்பது?

அங்கிருந்து ஒட்டக வியாபாரிகளோடு பாரசீகம், பாரசீகத்தின் தெற்கே எண்ணெய்த் துறைமுகத்தில் கூலி, கடைசியில் அரிசி ஏற்ற ரங்கூன் வந்த கப்பலில் எஞ்சின் அறை வேலை. இப்படியாக வீடு வந்தான்.

இதையெல்லாம் அவன் என்னிடம் சொல்லி முடிப்பதற்குள் போலீஸ் வந்துவிட்டது. அங்கே போனவர்களின் பெயர்ப்பட்டியல் அவர்களிடம் இருந்ததாம். தமிழ் பேசுகிற சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர், மரியாதையானவர்தான். கூடத்தில் உட்கார்ந்து நான் கொடுத்தனுப்பிய சாயாவைக் குடித்தார். நான் திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஆட்கள் எவ்வளவு, யார் பயிற்சி கொடுத்தது, என்ன ஆயுதம் என்று கேட்டுக்கொண்டே போனார். தம்பி கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான்.

“துப்பாக்கியெல்லாம் ருஷ்யத் துப்பாக்கியா?”

“கொஞ்சம் ருஷ்யத்தது. எங்களுக்குக் குடுத்தது உங்க துப்பாக்கி சார்.”

“எங்க துப்பாக்கின்னா?”

“இங்கிலீஷ் துப்பாக்கி. இரும்புல கிரீடம் அடிச்சிருந்துச்சு. ருஷ்ய ராஜா கட்சிக்கு நீங்க அனுப்பினது. அவங்க தோத்துப்போனதும் இவங்க கைக்கு வந்துருச்சு.”

சப்-இன்ஸ்பெக்டர் இதை எழுதிக்கொள்ளவில்லை. சாயாவை முடித்துவிட்டு, கூட்டாளி எங்கே என்று கேட்டார். பிரிந்துவிட்டோம், எனக்குத் தெரியாது என்றான் தம்பி. சரி, தாமுவேயில் பெண்சாதி இருக்கிறதாமே, அங்கே கேட்டுக்கொள்கிறோம் என்று எழுந்தார்.

அன்று மாலை என் வீட்டுக்காரர் முதல்முறையாக இதில் வாய் திறந்தார். செத்துவிட்டான் என்று சொல்லிவிடு என்றார். உயிரோடு ருஷ்யப் பட்டாளத்தில் இருக்கிறான் என்று தெரிந்தால் போலீஸ் அவள் வாசலை விட்டுப் போகாது. தலாக் என்று சொன்னால் பள்ளிவாசலில் ஏற்கமாட்டார்கள், ஒரு சாட்சி போதாது; அவள் ஆயுசுக்கும் கட்டுண்டு கிடப்பாள். செத்தான் என்றால் விதவைக்குரிய நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்துவிட்டு அவள் தன் வழியைப் பார்ப்பாள். “ஒரு பொய்யில மூணு பேரு பிழைப்பாங்க,” என்றார். அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை நானும் அவனும் தாமுவேக்குப் போனோம். வழியெல்லாம் அவன் என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியாது. அவள் வாசலில் சட்டியில் சுரைக்காய் பொரிந்துகொண்டிருந்தது. எங்கள் இருவரையும் பார்த்தாள். பலகையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். மகள், மூன்று வயதுக் குழந்தை, தம்பியை முறைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

“இருக்கான்,” என்றான் தம்பி. “வரமாட்டான்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். தலாக்கையும் சொன்னான். பாதி தமிழிலும் பாதி பர்மியத்திலும் சொன்னான். அவள் துண்டுகளைத் திருப்பிப் போட்டபடி கேட்டாள். எதையும் கருகவிடவில்லை. எல்லாவற்றையும் எடுத்துத் தட்டில் வைத்து, அடுப்பிலிருந்து விறகை இழுத்து அணைத்துவிட்டுத்தான் எங்கள் எதிரில் உட்கார்ந்தாள்.

“அங்க அவரை அடிக்குதா?” என்று கேட்டாள்.

“இல்ல. அவனுக்குக் கீழ இப்ப ஆளுங்க இருப்பாங்க.”

“குளிர்ல கால் எப்படி?”

“நல்ல பூட்ஸ் குடுத்திருக்காங்க.”

“மகளைக் கேட்டுச்சா?”

“அழுதான்,” என்றான். “ஆனா கேக்கல.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்களில் எண்ணெய்ச் சூடு இருந்தது. பிறகு என்னைப் பார்த்துப் பர்மியத்தில் நிதானமாகப் பேசினாள். போலீஸ் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது; தெருவில் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். விட்டுவிட்டுப் போனவரின் மகள் என்று ஊர் சொல்வதைவிட, இறந்துபோனவரின் மகள் என்று சொல்வது அந்தக் குழந்தைக்கு நல்லது என்றாள். கடைசியில் தம்பி பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்:

“அவர் செத்துப்போச்சுன்னு நான் சொல்லும். நீ பொய் சொல்ல வேணாம் தம்பி. நீ நடந்து வந்தது போதும்.”

தம்பி அங்கேதான் அழுதான். ருஷ்யாவிலிருந்து திரும்பியபின் அவன் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

அவள் சொன்னபடியே செய்தாள். அக்கம்பக்கத்தாரிடம் சொன்னாள், வெள்ளை உடுத்தாள், சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். போலீஸ்காரர்கள் வந்தபோது பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். என்ன கேட்பது என்று தெரியாமல் அவர்கள் திரும்பிவிட்டார்கள்.

பள்ளிவாசல் ஆலிம்சா மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து தம்பியைக் கூப்பிட்டு விசாரித்தார். வயதானவர், தலை நடுங்கும். அந்தப் பெண் இப்படிச் சொல்கிறாள், நீயும் அவனும் ஒன்றாகப் போனவர்கள், நீ கண்ணால் பார்த்தாயா என்று கேட்டார். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். குர்ஆனில் கை வைக்கச் சொன்னால் அவன் பொய் சொல்லமாட்டான் என்பது எனக்குத் தெரியும்.

“அவன் திரும்பி வரமாட்டான் ஹஜ்ரத்,” என்றான்.

ஆலிம்சா அவனையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நான் கேட்டது அது இல்ல. ஆனா அது போதும்,” என்று எழுந்தார். படியிறங்கும்போது, அந்தப் பெண் இத்தா முடியும்வரை சாப்பாட்டுக்குக் கஷ்டப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் பார்த்துக்கொண்டோம். தம்பி விறகு கொண்டுபோய் வாசலில் அடுக்கிவிட்டு, உள்ளே போகாமல் திரும்பி வருவான்.

இத்தா முடிந்ததும் அவள் மகளோடு மாவ்பிக்குத் தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே சந்தையில் காய்கறி விற்றாள். கொஞ்ச காலத்தில் பழையபடி புத்தர் கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள் என்று கேள்விப்பட்டோம். என் வீட்டுக்காரருக்கு அது வருத்தம்.

அவனுக்கு எந்த ஆலையிலும் வேலை கிடைக்கவில்லை. போலீஸ் பார்வையில் இருக்கிற ஆளை யார் சேர்ப்பார்கள்? கடைசியில் ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினுக்கு ஆள் ஏற்றிப்போகிற லாஞ்சு வைத்திருந்த ஒரு பர்மியப் பெரியவர் அவனை எஞ்சினுக்கு வைத்துக்கொண்டார். எஞ்சின் நிற்காமல் ஓடினால் சரி, நீ யாரைச் சுட்டாய் என்று ஆறு கேட்காது என்று அவர் சொன்னாராம்.

1929 வாக்கில், மகளுக்குப் பத்து வயது ஆகிறது, பர்மிய வழக்கப்படி காது குத்துகிறோம், நீங்கள் வரவேண்டும் என்று மாவ்பியிலிருந்து ஆள் வந்து சொன்னார்கள். நானும் தம்பியும் ரயிலில் போனோம். பந்தல் போட்டிருந்தார்கள். குழந்தைக்குப் பட்டு உடுத்தி, கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, தலையில் பூ வைத்து உட்கார்த்தியிருந்தார்கள். அதற்குத் தகப்பனின் புருவம் அப்படியே. காது குத்துவதற்கு முன்னால் பிக்குகளுக்கு அன்னதானம் நடந்தது. அவர்கள் முன்னால் அவள் மண்டியிட்டு, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வார்த்தாள். இறந்தவர்களுக்குப் புண்ணியம் போய்ச் சேரச் செய்கிற சடங்கு அது. புருஷனின் பெயரை அவள் தெளிவாகச் சொன்னாள். பந்தலில் எல்லோரும் கைகூப்பினார்கள். நானும் அவனும் மட்டும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். அவள் எங்கள் பக்கம் பார்க்கவேயில்லை.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது தம்பி கேட்டான்: “உயிரோட இருக்கறவனுக்கு அந்தப் புண்ணியம் போய்ச் சேருமா ராத்தா?”

அவர் அப்போது உயிரோடு இருந்தாரா என்பதே எங்களுக்குத் தெரியாது. நமக்கு அதில் நம்பிக்கை கிடையாது என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெரியாது தம்பி என்றேன். ரயில் வந்தது. மாவ்பிச் சந்தைக்கு வந்து திரும்புகிறவர்கள் கூடைகளோடு ஏறினார்கள்; ஒரு கிழவிக்கு அவன் கை கொடுத்து ஏற்றிவிட்டு, எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தான்.